கேட்காமல் கழியும் பத்து ஆண்டுகள்

காது மந்தமாகத் தொடங்கிய ஒருவர் சிகிச்சைக்கு வந்துசேர எவ்வளவு காலம் ஆகிறது? அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகர மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே ஆட்களின் செவித்திறனைப் பல ஆண்டுகள் விடாமல் அளந்துவந்தார்கள். 2019-இல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, காது கருவி தேவைப்படும் அளவுக்குச் செவித்திறன் குறைந்த நாளிலிருந்து கருவியை ஏற்றுக்கொள்ளும் நாள்வரை சராசரியாக 8.9 ஆண்டுகள் கழிகின்றன. பிரிட்டனில் அட்ரியன் டேவிஸ் தலைமையிலான குழு 2007-இல் தந்த அறிக்கையும் ஏறக்குறைய பத்தாண்டு என்றே சொன்னது. அங்கே முதன்முறை கருவி கேட்டு வருபவருக்கு எழுபதை ஒட்டிய வயதாகிவிடுகிறது.

பத்தாண்டு சிறிய காலம் இல்லை. பணி ஓய்வு, பிள்ளைகளின் கல்யாணம், பேரப்பிள்ளைகளின் மழலை எல்லாம் அதற்குள் வந்து போய்விடும். அத்தனையிலும் பாதியை ஊகித்துத் தெரிந்துகொண்டபடி ஒருவர் வாழ்ந்துவிடுகிறார்.

இதற்கு வீட்டில் நாம் சொல்லும் காரணம் வீம்பு, அலட்சியம், கஞ்சத்தனம். பணம்தான் தடை என்பார்கள் கொஞ்சம் யோசிப்பவர்கள். பணம் தடைதான், ஆனால் முழுத் தடையாக இருக்க முடியாது. பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவை தொடங்கிய 1948-ஆம் ஆண்டிலேயே ‘மெட்ரெஸ்கோ’ என்ற கருவியை மக்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. இன்றுவரை அங்கே கருவிக்கு விலை கிடையாது. அந்த நாட்டில்தான் பத்தாண்டுத் தாமதம் பதிவாகியிருக்கிறது. ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகு என் முடிவு இதுதான்: இந்தத் தாமதத்தை நோயாளி தனியாக உண்டாக்குவதில்லை. நோயின் போக்கு அதற்கு இடம் கொடுக்கிறது, வீட்டாரின் அன்பு அதை நீட்டிக்கிறது, மருத்துவ ஏற்பாடு அதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது.

முதலில் நோயின் போக்கு. உட்காதில் காக்ளியா என்னும் சுருள் உறுப்பில் பிறக்கும்போது ஏறத்தாழ 15,000 உணர்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. பறவைகளுக்கு இவை செத்தால் மறுபடி முளைக்கும், மனிதருக்கு முளைக்காது. வயதும் இரைச்சலும் முதலில் அழிப்பது காக்ளியாவின் வாய்ப்பக்கத்தில் உயர்ந்த அதிர்வெண் ஒலிகளைப் பிடிக்கும் செல்களை. பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் வலுவாக வருபவை. ச, ஸ, ஷ போன்ற உரசொலிகள் மேலே, மெலிதாக இருப்பவை. க, த, ப போன்றவற்றின் வெடிப்பு கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகவே நீடிக்கும். ஆகவே மந்தம் தொடங்கியவருக்கு ‘ஐ’ என்ற முடிவு முழுதாக விழும், ‘கடை’யா ‘தடை’யா ‘படை’யா என்பது விழாது. “சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் வெளங்கல” என்று, செவித்திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் முன்னால் உட்கார்ந்து அவர் சொல்வது அறிவியல்படி மிகச் சரியான விவரிப்பு.

ஆனால் அந்த விவரிப்பே அவரை ஏமாற்றியும் விடுகிறது. சத்தம் கேட்கும்போது காது கெட்டுவிட்டது என்று எப்படித் தோன்றும்? மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாயைத் திறந்து பேசுவதில்லை, டிவி சீரியலில் இசையைக் கூட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். இதோடு இன்னொரு விசித்திரமும் உண்டு. செல்கள் செத்த காது மெல்லிய ஒலியைத் தவறவிடும், பலத்த ஒலியை மட்டும் தாங்க முடியாத அளவுக்குப் பெரிதாக உணரும். மெதுவாகச் சொன்னால் கேட்காதவர், உரக்கச் சொன்னதும் “ஏன் கத்துறே?” என்று எரிந்து விழுவது இதனால்தான். வீட்டார் இதைப் பார்த்து, “வேணும்ங்கறது மட்டும் காதுல விழும்” என்கிறார்கள். அது அநியாயமான குற்றச்சாட்டு. அமைதியான அறையில், முகம் பார்த்து, தெரிந்த விஷயத்தை ஒருவர் பேசினால் விளங்குகிறது. கல்யாண மண்டபத்தில் விளங்குவதில்லை. கேட்பவரின் மனசு இதில் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

வலி இல்லை, காய்ச்சல் இல்லை, ஒரு நாளில் நடப்பதும் இல்லை. ஆண்டுக்கு ஓரிரு டெசிபல் சரியும்போது எந்த நாளைக் காட்டி ‘இன்றுமுதல் எனக்குக் காது கேட்கவில்லை’ என்று சொல்வது? பலர் மருத்துவரிடம் வருவதே காதில் இரைச்சல் என்று சொல்லித்தான். சோதித்துப் பார்க்கும்போது ஆடியோகிராம் என்னும் செவித்திறன் வரைபடத்தில் உயர்ந்த அதிர்வெண்களைக் காட்டும் வலப்பக்கம் சரிந்து கிடக்கும்.

அடுத்தது வீடு. மனைவி குரலை உயர்த்திக்கொள்கிறாள். வங்கியில் மகன் பதில் சொல்கிறான். மருத்துவர் “எத்தனை நாளா சர்க்கரை?” என்று கேட்டால், கேட்கப்பட்டவர் வாய் திறக்குமுன் மகள் சொல்லிவிடுகிறாள். டிவி சத்தம் நாற்பதில் நிற்கிறது, மற்றவர்கள் அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்கள். இவையெல்லாம் அன்பினால் செய்வது. குறையின் சுமையை மெல்ல மெல்ல மற்றவர்கள் தோளுக்கு மாற்றிவிடுவதும் இவைதான். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நெரினா ஸ்கரின்சி, லூயிஸ் ஹிக்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், கேள்திறன் குறைந்த முதியவர்களின் துணைவர்களைத் தனியாக ஆராய்ந்தார்கள். ஓயாத திரும்பச் சொல்லல், கூட்டங்களைத் தவிர்த்தல், சின்னச் சின்னப் பேச்சுகள் நின்றுபோதல் என்று அந்தத் துணைவர்களின் வாழ்க்கையே குறுகியிருந்தது. குறை ஒருவருக்கு, அதன் ஊனம் இருவருக்கு. இப்படி வீடு ஈடுகட்டும் வரைக்கும் குறை உள்ளவருக்கு அதன் முழு அளவு தெரிய வழியே இல்லை.

வீட்டுப் பெண்களின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிவேலைக்குப் போகிற ஆணின் காது மந்தம் அலுவலகத்திலோ கடையிலோ யாராவது ஒருவர் கண்ணில் பட்டுவிடும். அடுக்களையிலேயே இருக்கும் அம்மா குக்கர் விசிலை எண்ணத் தவறினால் அதற்குப் பெயர் மறதி. கூப்பிட்டும் வராவிட்டால் அசதி. பேச்சில் கலந்துகொள்ளாவிட்டால், ‘அம்மா எப்பவுமே அமைதி.’ அவளிடம் கருத்துக் கேட்கும் பழக்கம் இல்லாத வீட்டில், அவளுக்குக் கேட்கவில்லை என்பது தெரியவர நெடுங்காலம் ஆகும்.

வெட்கம் எவ்வளவு பெரிய காரணம்? மார்கரெட் வால்ஹேகன் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, கேள்திறன் குறைந்தவர்களையும் அவர்களுடைய துணைவர்களையும் ஓராண்டு பின்தொடர்ந்தது. தன்னைப் பற்றிய எண்ணம் மாறிவிடுமோ என்ற அச்சம், முதுமையின்மேல் சமூகம் வைத்திருக்கும் இளப்பம், தோற்றக் கவலை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னியிருப்பதாக அது கண்டது. நம் ஊரிலும் இதே கதை. மூக்குக் கண்ணாடி போட்டவரைப் படித்தவர் என்பார்கள். காதில் மிஷின் மாட்டியவரைக் கிழடு என்பார்கள். நம் சினிமா பல காலமாகக் காது கேளாத பாத்திரத்தைச் சிரிப்புக்கென்றே வைத்திருந்தது. தவறாகக் கேட்டுத் தவறாகப் பதில் சொல்லும் ஆளைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தவருக்கு, அந்த ஆள் தானாகிவிட்டதை ஒப்புக்கொள்வது கடினம்.

ஆனாலும் வெட்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பதை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. 2010-இல் லீன் நூட்சன் குழு வெளியிட்ட தொகுப்பாய்வு, உதவி தேடுதல், கருவி வாங்குதல், அணிதல், திருப்தியடைதல் ஆகிய நான்கு கட்டங்களையும் அலசியது. நான்கிலும் தவறாமல் நல்ல திசையில் தொடர்புடையதாக நின்றது ஒன்றே ஒன்று: தனக்குக் கேட்பதில் சிரமம் இருக்கிறது என்று அந்த ஆளே உணர்ந்திருப்பது. ஆடியோகிராம் காட்டும் டெசிபலைவிட ஆளின் உணர்வு முக்கியம். கார்லி மேயர், ஹிக்சன் இருவரும் 2012-இல் செய்த தொகுப்பாய்வு இதோடு இன்னொன்றையும் சேர்த்தது. நெருங்கியவர்கள் தனக்கு ஆதரவாக நிற்கிறார்கள் என்று எண்ணுபவர் உதவி தேடிப் போகிறார். தாமதத்தை நீட்டிக்கும் அதே வீடு, மனம் வைத்தால் அதைச் சுருக்கவும் முடியும் என்று இதைப் புரிந்துகொள்கிறேன். “உங்களுக்குக் காது செவிடாயிடுச்சு” என்ற வாக்கியத்தால் அது நடக்காது. “நேத்து நான் சொன்னது உங்களுக்கு விளங்கலைன்னு தோணுச்சு, ரெண்டு பேரும் போய் டெஸ்ட் எடுத்துப் பார்ப்போமா?” என்ற வாக்கியத்தால் நடக்கலாம்.

எல்லாருக்கும் சோதனை செய்துவிட்டால் போதுமே என்று தோன்றும். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் முன்னாள் படைவீரர்கள் 2,305 பேரிடம் பெவன் யூ தலைமையில் நடந்த சோதனையின் முடிவு 2010-இல் வந்தது. சோதனையே செய்யப்படாதவர்களில் 3.3 விழுக்காட்டினர் ஓராண்டு கழித்துக் கருவி அணிந்திருந்தார்கள். கேள்வித்தாள் கொடுத்துச் சோதித்த பிரிவில் 4.1, ஒலி கேட்கச் செய்து சோதித்த பிரிவில் 6.3, இரண்டும் செய்த பிரிவில் 7.4. ஒலிச் சோதனை பயன்படுகிறது, எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிக்கிறது. ஆனால் இரட்டித்த பிறகும் அது நூற்றுக்கு ஆறேழுதான். ‘உமக்குக் குறை இருக்கிறது’ என்று சொல்லிச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்புவதற்கும், அவர் கருவியோடு பழகி உட்கார்ந்து பேசுவதற்கும் நடுவே நீளமான வழி இருக்கிறது. அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2012-இலும் 2021-இலும், புகார் எதுவும் இல்லாத, ஐம்பதும் அதற்கு மேலும் வயதானவர்கள் எல்லாருக்கும் சோதனை செய்யச் சொல்லும் அளவுக்குச் சான்று போதவில்லை என்று முடிவெடுத்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

தாமதத்தால் என்ன கெடுகிறது? ஒரு காதுக்கு மட்டும் கருவி பொருத்தியவர்களை ஆராய்ந்த ஷ்லோமோ சில்மன் குழு, கருவி இல்லாத மற்றக் காதில் சொற்களை இனம் காணும் திறன் சில ஆண்டுகளில் சரிந்துபோனதை 1984-இல் காட்டியது. கேளாத காதின் ஒலிகளைப் பிரித்தறியும் பழக்கத்தை மூளை கைவிட்டுவிடுகிறது. பத்தாண்டு கழித்துக் கருவி மாட்டியவர் ‘ஒரே இரைச்சல், ஒன்றும் விளங்கவில்லை’ என்று கழற்றி வைப்பதில் இதற்கும் பங்கு இருக்கிறது. நாள் தள்ளத் தள்ள, கருவி தரக்கூடிய பலனும் குறைகிறது.

மறதிநோயோடு உள்ள தொடர்பைக் கொஞ்சம் நிதானித்துச் சொல்ல வேண்டும். விளம்பரங்கள் இதை அச்சுறுத்தலாக மாற்றிவிட்டன. பிராங்க் லின் குழு 2011-இல் பால்டிமோரில் 639 பேரின் பதிவுகளை ஆராய்ந்தது. செவித்திறன் லேசாகக் குறைந்தவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு, நடுத்தரமாகக் குறைந்தவர்களுக்கு மூன்று மடங்கு, கடுமையாகக் குறைந்தவர்களுக்கு ஐந்து மடங்கு இருப்பதாகக் கண்டது. லான்செட் ஆணையத்தின் 2024 அறிக்கையும், தவிர்க்கக்கூடிய காரணங்களில் செவித்திறன் குறைவுக்கு 7 விழுக்காட்டுப் பங்கு கொடுத்து முதல் வரிசையில் வைக்கிறது. இவையெல்லாம் தொடர்பைக் காட்டுபவை. கருவி கொடுத்தால் தடுக்க முடியுமா என்பதை நேரடியாகச் சோதித்தது 2023-இல் வெளிவந்த ‘அச்சீவ்’ ஆய்வு. 70 முதல் 84 வயதுவரை 977 பேர், மூன்றாண்டுகள். மொத்தமாகப் பார்த்தால் கருவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் அறிவாற்றல் சரிவில் வேறுபாடு இல்லை. இதயநோய் ஆய்வொன்றிலிருந்து சேர்க்கப்பட்ட, ஏற்கெனவே ஆபத்து மிகுந்திருந்த பிரிவினரிடம் மட்டும் சரிவு 48 விழுக்காடு குறைந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் ‘மிஷின் மாட்டினால் மறதி வராது’ என்று விற்பதற்கு அது இடம் தரவில்லை. மருமகளோடு பேச முடிவது, சந்தையில் விலை கேட்க முடிவது ஆகியவையே கருவிக்குப் போதுமான காரணங்கள். பயமுறுத்தித்தான் ஒருவரை அழைத்து வர வேண்டுமா?

தாமதம் நாள்கணக்கில் கேடு செய்யும் ஒரு நிலையும் உண்டு. ஒரு காது இரண்டு மூன்று நாளுக்குள் சட்டென்று அடைத்துக் கேட்காமல் போனால் அது அவசர நிலை. ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. தண்ணீர் போயிருக்கும், குரும்பி அடைத்திருக்கும் என்று வெதுவெதுப்பாக எண்ணெய் ஊற்றிப் பார்த்து, அடுத்த மாதம் வருபவர்களுக்கு அந்த வாய்ப்பு அநேகமாக முடிந்துபோயிருக்கும்.

இந்தியாவுக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் காது கேளாதவர்களாகப் பதிவானவர்கள் ஏறத்தாழ 50.7 லட்சம் பேர். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு என்று இந்தியத் தேசியக் காதுகேளாமைத் தடுப்புத் திட்டம் சொல்லும் எண் 6.3 கோடி. இரண்டுக்கும் வரையறை வேறு என்பது உண்மை. ஆனாலும் பன்னிரண்டு மடங்கு இடைவெளியில் ஒரு செய்தி இருக்கிறது. வாசலில் நின்று ‘வீட்டில் ஊனமுற்றோர் உண்டா?’ என்று கேட்டால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மந்தக் காதுத் தாத்தாவை யாரும் கணக்கில் சொல்வதில்லை; அவரும் தன்னைச் சொல்லிக்கொள்வதில்லை.

சட்டமும் அவரைக் கணக்கில் கொள்வதில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, இரு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் ஒருவர் கேள்திறன் குறைந்தவர். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த தரநிலையில் 35-ஐத் தாண்டினாலே நடுத்தர இழப்பு. இடையில் சிக்கியவர்கள்தான் முதியவர்களில் மிகப் பலர். 1981-இல் தொடங்கிய ‘அடிப்’ உதவித் திட்டத்துக்கு 40 விழுக்காட்டு ஊனச் சான்றிதழ் வேண்டும். 2017-இல் நெல்லூரில் தொடங்கிவைக்கப்பட்ட ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம், வருமானம் குறைந்த, 60 வயதைக் கடந்தோருக்குக் கைத்தடி, கண்ணாடியோடு காது கருவியும் தருகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் வழியே சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் செய்யப்படுகிறது. அது பெருமைப்பட வேண்டிய சாதனை. ஐம்பத்தைந்து வயதில், 50 டெசிபல் இழப்போடு, வேலையில் இருக்கும் ஒருவருக்கு இவற்றில் எந்தக் கதவும் திறப்பதில்லை.

அந்த ஐம்பத்தைந்து வயதுக்காரர் யார்? சோமனூரிலோ பள்ளிபாளையத்திலோ முப்பது ஆண்டு விசைத்தறி ஓட்டியவராக இருக்கலாம். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோயாக இருந்தது. பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் தறிக்கூடம் அந்தச் சட்டத்துக்குள் பெரும்பாலும் வந்ததே இல்லை. தறிக்காரர்கள் சைகையிலும் உதட்டசைவிலும் பேசிக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள். கூடத்துக்குள் எல்லாருக்கும் கேட்காது. ஆகவே ஒருவருடைய குறை அங்கே தனித்துத் தெரியாது.

கண்ணுக்கும் நம்மிடம் ஒருகாலத்தில் இதே நிலைதான் இருந்தது. கண்புரை வந்தால் ‘வயசாயிடுச்சு’ என்று மூலையில் உட்கார்ந்துவிடுவார்கள். 1976-இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனையும் அதன் கண் முகாம்களும் அதை மாற்றின. நோயாளி வரட்டும் என்று காத்திராமல் ஊருக்குப் போனார்கள், 1992 முதல் லென்ஸை இங்கேயே குறைந்த செலவில் செய்தார்கள், ஊர்ப்பெண்களைப் பயிற்றுவித்து வேலைக்கு வைத்தார்கள். காதுக்கு அப்படி ஓர் இயக்கம் வரவில்லை. முகாம் நடத்திக் கருவி கொடுத்துவிட்டால் அரவிந்த் ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் ஒரு வேறுபாட்டை மறக்கிறார்கள். புரை அறுவை ஒருநாள் வேலை. காது கருவிக்கு அச்சு எடுக்க வேண்டும், ஆளின் ஆடியோகிராமுக்கு ஏற்ப ஒலியைத் திருத்த வேண்டும், பேட்டரி மாற்றவும் துடைக்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும், மூளை பழகும் சில வாரங்களில் திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். கருவி வாங்கியும் அணியாதவர்களைப் பற்றி அபி மெக்கார்மக், ஹெதர் ஃபோர்ட்னம் இருவரும் 2013-இல் தொகுத்ததில், பலன் போதவில்லை, காதில் சரியாக உட்காரவில்லை என்பவையே முன்னால் நின்றன. இலவசக் கருவி அலமாரிக்குள் போய்விட்டால், ‘அதெல்லாம் வாங்கிப் பார்த்தாச்சு, பிரயோசனம் இல்லை’ என்ற பேச்சு தெரு முழுக்கப் பரவி, அடுத்த பத்துப் பேரின் தாமதத்துக்குக் காரணமாகிறது.

அமெரிக்கா 2022 அக்டோபரில், லேசான, நடுத்தர இழப்புள்ள பெரியவர்கள் மருந்துச் சீட்டில்லாமலே கடையில் கருவி வாங்கலாம் என்று விதியைத் திருத்தியது. விலையைக் குறைக்க அது நல்ல வழி. நம் நாட்டில் அதை அப்படியே கொண்டுவருவதில் எனக்குத் தயக்கம் உண்டு. இங்கே காதில் சீழ் வடிவது இன்னும் பரவலான காரணம். குரும்பி எடுத்தாலே சரியாகிவிடும் காதுகளும் ஏராளம். காதுக்குள் ஒருமுறை விளக்கடித்துப் பார்த்த பிறகுதான் கருவி.

அப்படிப் பார்ப்பதற்கு ஆள் இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கத் தன்னார்வலர்கள் வீடுவீடாகப் போகிறார்கள். நாற்பத்தைந்து வயது தாண்டியவரிடம், ‘கூட்டத்தில் பேசினால் விளங்குகிறதா?’ என்று அவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். பின்னால் நின்று மெதுவாக ஐந்து சொல் சொல்லித் திருப்பிச் சொல்லவைக்கலாம். அதைத் துணைவர் எதிரிலேயே செய்ய வேண்டும், ஏனென்றால் தான் ஈடுகட்டிவந்தது எவ்வளவு என்று அவருக்கும் அப்போதுதான் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குரும்பியும் சீழும் பார்த்துத் தீர்த்துவிட்டு, மிஞ்சியவர்களை மட்டும் ஆடியாலஜிஸ்டிடம் அனுப்ப வேண்டும். தறிக்கூடங்கள் உள்ள ஊர்களில் வயது வரம்பை முப்பதுக்கு இறக்க வேண்டும். உதவித் திட்டங்களில் 60 டெசிபல் நிபந்தனையைத் தளர்த்தி, 35-க்கு மேல் இழப்புள்ளவருக்கும் கருவி கிடைக்கச் செய்ய வேண்டும். கருவி கொடுக்கும் முகாமின் அறிவிப்பிலேயே, அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் ஆடியாலஜிஸ்ட் எந்தத் தேதியில் அதே ஊருக்குத் திரும்பி வருவார் என்பதும் அச்சாகியிருக்க வேண்டும்.